மாடல் ஜெட்டில் டர்பைன் பொருத்திய அனுபவம்

ரேடியோவில் ஓட்டும் என் மாடல் விமானத்துக்கு வாங்கிய டர்பைன், அதாவது குட்டி ஜெட் எஞ்சின், வந்த பெட்டியைத் திறந்தபோதே ஒன்று தெரிந்துவிட்டது: எஞ்சினில் எனக்கு வேலையே இல்லை. காற்றை அழுத்தும் கம்ப்ரஸர், எரியறை, சூடான வாயு சுழற்றும் டர்பைன் சக்கரம் எல்லாம் தொழிற்சாலையிலேயே பேலன்ஸ் செய்து பூட்டி வந்தவை. அதைப் பிரிக்கவே கூடாது. நான் செய்ய வேண்டியது எல்லாம் அதைச் சுற்றித்தான். காற்று தாராளமாக உள்ளே வரவேண்டும், சூடு விமானத்தைத் தொடாமல் வெளியேறவேண்டும், எரிபொருள் குமிழே இல்லாமல் போய்ச்சேரவேண்டும். இந்த மூன்றில் கடைசிதான் என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது. அது நியாயம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

என்னுடையது 100 நியூட்டன் வகை, அதாவது சுமார் 10 கிலோ தள்ளுவிசை. உச்சத்தில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று. இதன் பேரிங்குகளுக்குத் தனி ஆயில் கிடையாது. கெரோசினில் 5 சதவீதம் டர்பைன் ஆயிலைக் கலந்து ஊற்றுகிறோம், அதில் ஒரு சிறு பங்கு பிரிந்து பேரிங்குக்குப் போகிறது. இவ்வளவு சிறிய எஞ்சின் இத்தனை வேகம் தாங்குவதே பெரிய விஷயம். 1980களில் ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங் ஒட்டுப்பலகையில் கார்பன் இழை சேர்த்து கம்ப்ரஸர் சக்கரம் செய்து ஓட்டியிருக்கிறார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் வியப்புதான்.

திருகுக்குத் துளை போடும் முன் எல்லாவற்றையும் சும்மா உள்ளே வைத்து ஈர்ப்பு மையத்தைப் பார்த்தேன். பெரிய டேங்க் காலி, ஏர் ட்ராப் டேங்க் (பம்புக்கு முன் குமிழ்களைப் பிடித்துவைக்கும் சிறு டேங்க்) மட்டும் நிறைவு: இந்த நிலையில் பார்ப்பதுதான் சரி, ஏனென்றால் தரையிறங்கும்போது விமானம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வால் பக்கம் கனத்தது. தனியாக எடைக்கட்டி சேர்க்க மனமில்லை, பேட்டரிகளை எல்லாம் மூக்குக்குத் தள்ளிச் சரிசெய்தேன். அப்புறம்தான் எஞ்சினைப் பிடிக்கும் பட்டையை விமானத்துக்குள் இருக்கும் ஒட்டுப்பலகைச் சட்டங்களில் இறுக்கினேன்.

சூடான வாயுவை வால் வழியாக வெளியேற்றும் குழாயான டெயில்பைப் விஷயத்தில் பொறுமை வேண்டும். எஞ்சினின் பின்வாய்க்கும் குழாயின் விரிந்த முன்பகுதிக்கும் நடுவே கையேடு சொல்லும் இடைவெளியை அப்படியே விட்டேன். வெளியேறும் வேகக்காற்று அந்த இடைவெளி வழியாகச் சுற்றியுள்ள குளிர்ந்த காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். விமானத்தின் உடல் கருகாமல் இருப்பது அதனால்தான். குழாய் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ஒரு பக்கம் மட்டும் சூடேறும். அட்டையில் வட்டங்கள் வெட்டி, நடுவில் துளையிட்டு, இரண்டு முனையிலும் செருகி, ஒரு நேரான கம்பியைக் கோர்த்து மையம் பார்த்தேன். குழாயை முன்பக்கம் மட்டும் திருகினேன், பின்பக்கம் நகரும்படி விட்டேன். சூட்டில் எஃகு நீளும், அதற்கு இடம் வேண்டுமே.

இனி எரிபொருள். டேங்க், ஏர் ட்ராப், பம்ப், ஃபில்டர், வால்வு, எஞ்சின் என்பதுதான் வரிசை. பம்புக்குப் பிறகு எங்காவது கசிந்தால் சொட்டும், கண்ணில் பட்டுவிடும். பம்புக்கு முன்னால் கசிவு இருந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், வானத்தில் எஞ்சின் அணையும். அதனால் உறிஞ்சும் பக்கத்துக்குப் பெரிய துளையுள்ள குழாய், முடிந்தவரை குட்டையாக, கூர்மையான வளைவு இல்லாமல் போட்டேன். சிலிகோன் குழாய் கெரோசினில் ஊறி உப்பிவிடும், அதைக் கிட்டவே சேர்க்கவில்லை. இணைப்பு ஒவ்வொன்றுக்கும் மெல்லிய கம்பி சுற்றினேன். டேங்கின் காற்றுக்குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். அது அடைத்தால் பம்ப் இழுக்கும் இழுப்பில் டேங்கே நசுங்கும்.

அதன் பிறகு, எஞ்சினைச் சேர்க்காமல் பம்பை மட்டும் முழு ஓட்டத்துக்கு ஈடாக, நிமிடத்துக்கு சுமார் 350 மில்லி வீதம், ஒரு பாட்டிலுக்குள் ஓடவிட்டேன். குழாய்க்குப் பின்னால் விளக்கைப் பிடித்தால் மணல் அளவு குமிழும் தெரியும். ஒரு இணைப்பில் வந்துகொண்டே இருந்தது. குழாய் முனையைப் புதிதாக வெட்டி மாட்டியதும் நின்றது. பொருத்தும் வேலையில் எதைத் தவிர்த்தாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

ரேடியோ அமைப்பு சீக்கிரம் முடிந்தது. த்ராட்டில் நிலைகளைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கற்றுக்கொடுத்தேன். சிக்னல் அறுந்தால் எஞ்சின் அணையும்படி ஃபெயில்சேஃப் வைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்தே சரிபார்த்தேன்.

முதல் ஓட்டத்துக்கு மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, விமானத்தை நன்றாகக் கட்டினேன். பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான். பொடி வகை எஞ்சினுக்குள் போனால் எஞ்சின் பாழ். டர்பைன் சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டிலும் விமானத்துக்குப் பின்னாலும் யாரையும் நிற்கவிடவில்லை. ஸ்டார்ட்டர் சுழன்றது, பற்றவைப்பான் சூடானது, ‘புஃப்’ என்று ஒரு சத்தம், பிறகு அந்தச் சீழ்க்கை ஏறியது. கண்ணை வெப்பநிலை எண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. ஐடிலிலிருந்து (மிகக் குறைந்த ஓட்டத்திலிருந்து) உச்சத்துக்கு வரச் சில வினாடிகள் ஆகின்றன. பறக்கும்போது இந்தத் தாமதம் கைக்குப் பழகியிருக்கவேண்டும். நிறுத்தியதும் ஸ்டார்ட்டர் தானே சுற்றி எஞ்சினை 100 டிகிரிக்குக் கீழே கொண்டுவரும். அது முடியும்வரை பேட்டரியைக் கழற்றக்கூடாது.

ஆறிய பிறகு ஃபில்டரைத் திறந்தேன். புது டேங்கின் பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன. டேங்க்கை மறுபடி அலசி, ஃபில்டரைச் சுத்தம் செய்து, பட்டைத் திருகுகளை இன்னொரு முறை இறுக்கி, மீண்டும் ஓட்டினேன். இந்தமுறை ஃபில்டரில் எதுவும் இல்லை. இறக்கைகளை மாட்டி, அடுத்து டாக்ஸி சோதனைக்கு, அதாவது தரையில் உருட்டிப் பார்க்க, தயாரானேன்.