‘மி’ அடித்தால் ஃபைல் சேமிக்கிறது: பிரிந்த கீபோர்டில் ஆறு வாரம்

இரண்டு பாதியாகப் பிரிந்த கீபோர்டு ஒன்றை நானே சேர்த்துச் செய்தேன். முதல் வாரம் முழுக்க சால்டரிங். கார்ன் என்ற வகை. இடக்கைக்கு 21 விசை, வலக்கைக்கு 21 விசை, நடுவில் ஒரு கேபிள். எண்களுக்குத் தனி வரிசை கிடையாது, அவை இன்னொரு லேயரில், அதாவது அதே விசைகளுக்கு வேறு வேலை கொடுக்கும் அடுக்கில், ஒளிந்திருக்கும். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு, விசைக்கு ஒன்றாக 42 வைக்க வேண்டும். அதில் ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டேன். எம் விசை மட்டும் வேலை செய்யவில்லை. சால்டர் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று ஒரு மாலை முழுக்கச் சுரண்டிய பிறகுதான் டயோடு மேல் இருந்த கோடு எதிர்ப்பக்கம் நிற்பது கண்ணில் பட்டது.

இரண்டாவது வாரம் அவமானம். நிமிடத்துக்கு 55 சொல் அடித்தவன் 11-க்கு வந்துவிட்டேன். சாதாரண கீபோர்டில் வரிசைகள் கொஞ்சம் கொஞ்சமாக விலகி நிற்பது விரலின் வசதிக்காக அல்ல. பழைய தட்டச்சுப்பொறியில் ஒவ்வொரு விசையின் கம்பியும் அடுத்ததில் இடிக்காமல் போக அப்படி வைக்க வேண்டியிருந்தது. கார்னில் விசைகள் நெடுவரிசையாக, விரல் நீளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கி நிற்கின்றன. அதற்குக் கை பழக நான்கு நாள் போதும். பி (B) எழுத்தை இத்தனை வருடமாக வலக்கையால் அடித்து வந்திருக்கிறேன் என்பதுதான் எனக்கே தெரியாத விஷயம். இப்போது அது இடப்பாதியில் இருக்கிறது. வலது ஆள்காட்டி விரல் வெறும் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் தமிழ். நான் தமிழ்99 என்ற விசை அமைப்பில் தமிழ் அடிக்கும் ஆள். உயிரெழுத்து இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம் என்பதால் பிரிந்த கீபோர்டுக்கென்றே செய்தது போல இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் ச-வும் ஞ-வும் சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன, 42 விசையில் அவற்றுக்கு இடமே இல்லை. ச இல்லாமல் எத்தனை வாக்கியம் எழுத முடியும்? பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்குத் தள்ளிவிட்டு, அது இருந்த வலது மேல் மூலையில் ச-வை வைத்தேன். ஞ-வுக்கு ண, ச இரண்டையும் சேர்த்து அழுத்தும் காம்போ.

நான்காவது வாரம் ஹோம் ரோ மாட்ஸ். விரல்கள் ஓய்வாக இருக்கும் நடுவரிசை விசையைத் தட்டினால் எழுத்து, பிடித்திருந்தால் கண்ட்ரோலோ ஷிஃப்டோ ஆகும். கீபோர்டுக்குள் ஓடும் கியூஎம்கே மென்பொருளில் இரண்டையும் பிரிக்கும் எல்லை இயல்பாக 200 மில்லிநொடி. மெதுவாக அடிக்கும் எனக்கு அது எந்த மூலைக்கு? என் அமைப்பில் ம இருக்கும் கே விசைதான் கண்ட்ரோல், இ இருப்பது எஸ் விசையில். ஆக, ‘தமிழ்’ என்று அடிக்கப் போனால் ‘மி’ வரும்போது அது கண்ட்ரோல்+எஸ் ஆகி ஃபைலைச் சேமித்துவிடும். பத்து வரிக்குள் அந்த ஃபைலை எத்தனை முறை சேமித்தேனோ!

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்று உண்டு: அடுத்த எழுத்து எதிர்க்கையில் வந்தால் மட்டும் கண்ட்ரோலாக எடுத்துக்கொள், ஒரே கையில் வந்தால் எழுத்தாக விட்டுவிடு. ஆங்கிலத்தில் இது தவறுகளைப் பெருமளவு குறைக்கிறது. தமிழ்99-இல் துளிகூட உதவவில்லை. மெய் வலக்கை, உடனே உயிர் இடக்கை. உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றுமே ஏறக்குறைய எதிர்க்கை ஜோடிதானே! இது புரிய எனக்கு மூன்று இரவு ஆனது.

கடைசியில் தமிழுக்கென்று தனி லேயர் போட்டேன். அதில் நடுவரிசை வெறும் எழுத்துதான், கண்ட்ரோல் இடது கீழ் மூலைக்குப் போய்விட்டது. மொழி மாற்றும் கட்டளையையும் லேயர் மாற்றத்தையும் ஒரே விசையில் கட்டியிருக்கிறேன். சில நேரம் கணினி ஆங்கிலத்திலும் கீபோர்டு தமிழிலும் நின்று ஒன்றுக்கொன்று முறைத்துக்கொள்ளும். அது பழகிவிட்டது.

ஆறாவது வார முடிவில் ஆங்கிலம் 41, தமிழ் 24. தமிழில் பழைய வேகம் 30 இருக்கும்.

மிச்சம் இருப்பது ஞ. ‘எண்ணச் சிதறல்’ என்று வேகமாக அடித்தேன், ‘எணஞ் சிதறல்’ என்று வந்தது. ண-வுக்குப் பின் ச வராது என்று நானாக முடிவு கட்டியது தப்பு. இந்த வாரம் காம்போவை ச, ய இரண்டுக்கும் மாற்றப் போகிறேன். இரண்டும் சுண்டுவிரலின் விசைகள், ஒன்றன் கீழ் ஒன்று. நடுவில் அழுத்தினால் இரண்டும் இறங்கும். ஒரே விரல் தற்செயலாக அவ்வளவு வேகத்தில் இரண்டையும் தட்டாது.