நன்னடத்தைச் சான்றுகள்

லண்டனில் ஓர் ஆவணக் காப்பகத்தில் எனக்கு வேலை. பழைய தொண்டு நிறுவனங்களின் கோப்புகளைப் பிரித்து, துருவேறிய குண்டூசிகளைக் கழற்றி, தாள்களை வரிசைப்படுத்தி ஸ்கேன் செய்ய அனுப்ப வேண்டும். படிப்பதற்காக யாரும் சம்பளம் தருவதில்லை. ஆனாலும் கண் சும்மா இருப்பதில்லை.

ஏழாம் எட்வர்ட் ஆண்ட 1901 முதல் 1910 வரையிலான, நோயுற்ற ஏழைப் பிள்ளைகளின் கோப்புகள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. தகப்பன் இறந்திருப்பான் அல்லது ஓடிப்போயிருப்பான். தாய் ஊரார் துணி துவைத்துப் பிழைப்பாள். பிள்ளைக்கு இடுப்பெலும்பில் காசநோய். ஏழைகளுக்கான ஒர்க்ஹவுஸ் விடுதி இருந்தது. அதன் வாசலை மிதிப்பதே மானக்கேடு என்று நினைத்த காலம் அது. ஆகவே தொண்டு இல்லங்களுக்கு விண்ணப்பித்தார்கள்.

அந்தப் படிவங்கள்தான் என்னை எரிச்சலூட்டுகின்றன. பிள்ளையின் நோய்க்கு ஓரிரு வரி இடம். மற்றபடி, பெற்றோர் முறைப்படி மணந்தவர்களா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிற்றா, உறவினர்களில் யார் யாருக்கு என்ன வருமானம், வாரம் எத்தனை ஷில்லிங் தருவார்கள் என்று கேள்விகள் நீளும். கூடவே பாதிரியாரின் பரிந்துரை: குடிப்பழக்கம் இல்லாதவள், வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாள். நோயாளி யார் என்றே சந்தேகம் வந்துவிடும். ஒரு கோப்பில் தாயே பென்சிலால் எழுதிய கடிதம் இருந்தது. மகனின் காலைப் பற்றிச் சொல்லிவிட்டு, அவன் அதிகம் சாப்பிடமாட்டான் என்றும் சேர்த்திருந்தாள். இடம் கிடைப்பதற்கு அதுவும் ஒரு தகுதி என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

தாமஸ் கோரம் 1739இல் தொடங்கிய ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல், பெயரில் ஹாஸ்பிடல் என்றாலும் கைவிடப்படும் குழந்தைகளுக்கான இல்லம், இன்னும் கறாராக இருந்தது. மணமாகாத தாய் நேரில் வந்து, இதுதான் தன் முதல் குழந்தை என்றும் அதற்குமுன் ஒழுங்காக வாழ்ந்தவள் என்றும் நிரூபிக்க வேண்டியிருந்தது.

தொண்டுக்குப் பணம் கொடுத்த சீமான்கள் கணக்குக் கேட்பார்கள், படுக்கைகளோ குறைவு, வேறு என்ன செய்வார்கள் என்பார் சக ஊழியர் ஒருவர். அதில் பாதி நியாயம் உண்டு. 1895இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில், நோயாளிகளின் வசதியை விசாரிக்கும் 'அல்மனர்' பதவியில் மேரி ஸ்டூவர்ட்டை நியமித்ததே, வசதி உள்ளவர்கள் இலவச சிகிச்சைக்கு வருவதைத் தடுக்கத்தான். காவலுக்கு வைத்த அந்தப் பதவியிலிருந்துதான் மருத்துவமனை சமூகப் பணி என்ற தொழிலே வளர்ந்தது. லண்டன் மேயராக இருந்த ட்ரெலோர், எலும்புக் காசநோய்ப் பிள்ளைகளுக்காக 1908இல் ஆல்டனில் மருத்துவமனை திறந்தார். காற்றும் வெயிலும்தான் அங்கே பிரதான வைத்தியம். நல்ல மனிதர்கள் இல்லாமலில்லை. ஆனால் சில இல்லங்களின் ஒப்பந்தத்தில், வேண்டுமானால் பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்பலாம் என்ற வாசகமும் இருந்தது. கீழே தாய் கையெழுத்திட வேண்டும். வேறு வழியில்லாதவளின் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒவ்வொரு கோப்புக்கும் பட்டியலில் இரண்டு வரிச் சுருக்கம் எழுத வேண்டும். நான் பிள்ளையின் வயதையும் நோயையும் முதலில் எழுதுகிறேன். தாயின் நடத்தை பற்றிப் பாதிரியார் சொன்னதை விட்டுவிடுகிறேன்; வேண்டுபவர்கள் கோப்பைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும். மேலாளர் இதுவரை ஆட்சேபிக்கவில்லை.