சட்டத்தைக் கழற்றாமல் பழைய படத்தைப் பிரதி எடுக்க

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பழைய படங்களைப் பிரதி எடுத்துக் கொடுக்கிறேன். பாதி வீடுகளில் சட்டத்தைப் பிரிக்கவே முடியாது. நம்ம மாவட்டத்துக்கு ஆனி, ஆடியிலும் மழை. ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. சுவரில் ஓதம் ஏறி, படத்தின் மேலுள்ள ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஒட்டிய இடம் நனைந்த துணி மாதிரி கறுத்துத் தெரியும். நடுவில் காற்று இல்லாததுதான் காரணம்.

பூதப்பாண்டிப் பக்கம் ஓர் ஆச்சி வீட்டில் கல்யாணப் படம். மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956க்கு முந்தியது. ஆச்சியின் தோளிலிருந்து தாத்தாவின் மீசை வரை கறுத்த திட்டு. “மக்ளே, கண்ணாடிய மட்டும் கழத்தாத கேட்டியா” என்றார். “தொடவே மாட்டேன் ஆச்சி” என்றேன்.

கண்ணாடியோடு சேர்த்துக் கேமராவில் எடுத்தால், எதிரே இருப்பதெல்லாம் அதில் பிரதிபலிக்கும். அதற்கு லென்ஸில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். கடைக் கண்ணாடியைப் பக்கவாட்டில் நின்று எடுக்க அது நல்ல கருவி. கண்ணாடியின் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரி விலகி நிற்கும்போதுதான் பிரதிபலிப்பை முழுசாக வெட்டும். நேர் எதிரே நின்றால் பலன் இல்லை. பிரதி எடுக்கவோ நேர் எதிரேதான் நின்றாக வேண்டும்; சாய்ந்து எடுத்தால் சட்டம் கோணிக்கொள்ளும். விளக்குகளுக்கும் போலரைசர் தாள் போட்டு, லென்ஸில் இருப்பதைக் குறுக்காகத் திருப்பினால் அருமையாக வரும். அது ஸ்டுடியோவுக்குத்தான் தோது.

சாதாரணக் கண்ணாடி, நேராக விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அதை நிறுத்த முடியாது. அதன் எதிரே இருப்பதை இருட்டாக்கலாம். என் முறை முழுவதும் இதுதான்.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தார்சாவில் சாய்த்து வைத்தோம். டியூப் லைட்டை அணைத்து, எதிர்க் கதவைச் சாத்தினோம். பக்கத்து ஜன்னல் வெளிச்சம் மட்டும். லென்ஸ் நுழையும் அளவு ஓட்டை போட்ட கறுப்பு வெல்வெட் துணியைப் பேரனும் பேத்தியும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்தார்கள். கேமராவை ஒட்டிப் பிடிக்கிற துணி, படத்தைப்போல் இரு மடங்கு அகலமும் உயரமும் இருக்க வேண்டும். எவ்வளவு தள்ளி நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. கேமராவில் உள்ள வெள்ளை எழுத்துமேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள், அதுகூடத் தெரியும்.

கண்ணாடிமேல் வைத்த சந்தனம், குங்குமத்தை வீட்டாரைக் கேட்டுவிட்டுத்தான் துடைப்பேன். நன்றாகப் பிழிந்த துணி போதும். திரவத்தை நேரே தெளிக்கவே கூடாது. சட்ட ஓரமாக இறங்கிப் படத்தை நனைத்துவிடும்.

ஜன்னல் கம்பியின் நிழலாட்டம் போனதும் தாத்தாவின் கோட்டுப் பையில் பேனா கிளிப் துலங்கியது. ஆச்சி திரையில் அதையே விரலால் தொட்டுக்கொண்டிருந்தார். ஒட்டிய திட்டை மட்டும் பிறகு கணினியில் சரிசெய்தேன்.

புதுப் பிரதிக்குச் சட்டம் போடும்போது, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஓரங்களில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளி இருந்தால் இது ஒட்டாது.