ரத்தம் எங்கே போகிறது: அவசரப் பிரிவு நாட்குறிப்பு

மார்ச் 3

ஒரே விபத்தில் சிக்கிய இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். ஒருவருக்குத் தலைத்தோல் கிழிந்து முகமெல்லாம் ரத்தம், வலியில் கத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஸ்ட்ரெச்சரில் அசையாமல் படுத்திருந்தார். “எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், முதல்ல அவனைப் பாருங்க” என்றார்.

கத்துகிறவருக்கு மூச்சுப்பாதை அடைபடவில்லை என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடுகிறது. சிஸ்டர் அவர் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் பேசாதவரின் கையைத் தொட்டேன். ஜில்லென்று, வியர்த்து ஈரமாக இருந்தது. நாடித்துடிப்பு 124, பிரஷர் 116/92.

116 என்றதும் பக்கத்தில் இருந்தவர்களுக்கு நிம்மதி. எனக்கு இல்லை. மேலே உள்ள எண்ணுக்கும் கீழே உள்ளதற்கும் இடைவெளி வெறும் 24. ரத்தம் குறையத் தொடங்கியதும் உடல் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக ஓடவிட்டுச் சமாளிக்கும். கீழ் எண் ஏறும், இடைவெளி குறுகும். மேல் எண் கண்ணுக்குத் தெரிய விழுவதற்குள் மொத்த ரத்தத்தில் சுமார் 30 சதவீதம், அதாவது ஒன்றரை லிட்டர் அளவுக்குப் போயிருக்கும். அதுவரை காத்திருந்தால் பாதி நேரம் வீண்.

வயிற்றில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தோம். மண்ணீரலைச் சுற்றி ரத்தம். நேராக ஆபரேஷன் தியேட்டர்.

மார்ச் 4

பயிற்சி மருத்துவர்களுக்கு வகுப்பு. 1976இல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிய சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் விழுந்தது. மனைவி இறந்துபோனார், பிள்ளைகளுக்குப் பலத்த காயம். போய்ச் சேர்ந்த மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சை அவரை உலுக்கியது. அதிலிருந்து பிறந்ததுதான் 1978இல் தொடங்கிய விபத்துச் சிகிச்சைப் பயிற்சி, இன்று உலகம் முழுக்க நாங்கள் பின்பற்றும் வரிசை: மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், நினைவு, பிறகு உடை நீக்கி முழு உடல். ரத்தம் பீறிட்டால் மட்டும் அதை நிறுத்துவதுதான் எல்லாவற்றுக்கும் முன்.

எது முதலில் கொல்லுமோ அதை முதலில் பார்ப்பது, அவ்வளவுதான். ஆனால் கோணலாகத் திரும்பிய கால் ஒன்று எதிரே கிடக்கும்போது கண்ணை அதிலிருந்து எடுத்து மார்பைப் பார்ப்பதற்கு உண்மையிலேயே பழக்கம் வேண்டும்.

மார்ச் 7

மார்பில் அடிபட்ட இளைஞர். மூச்சு வாங்குகிறது, பிரஷர் விழுகிறது. வலப்பக்கம் ஸ்டெத்தில் மூச்சொலியே இல்லை. தட்டினால் வெற்றுப் பானை போல ஒலி. கழுத்து ரத்தக்குழாய்கள் புடைத்திருந்தன. நுரையீரலுக்கு வெளியே காற்று அடைபட்டு, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தையே தடுக்கும் நிலை. மூச்சுக்குழல் ஒரு பக்கம் விலகுவது கடைசியில்தான் தெரியும், அதற்காகக் காத்திருக்கக் கூடாது. எக்ஸ்ரேக்கும் அனுப்பக் கூடாது.

அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால், ஐந்தாவது விலா இடைவெளியில் ஊசி. உஸ்ஸென்று காற்று வெளியேறியது. அப்புறம் மார்புக் குழாய். சில நிமிடங்களில் தண்ணீர் கேட்டார்.

மார்ச் 9

வழுக்கி விழுந்த பாட்டி. நாடி 72, பிரஷர் 108. சின்ன வயதுக்காரருக்கு இது சாதாரணம். “பாட்டி, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று கேட்டேன். மகள் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்: ரத்தக் கொதிப்புக்கு பீட்டா பிளாக்கர், கூடவே ரத்தம் உறையாமலிருக்க ஒன்று. முதல் மாத்திரை இதயத்தை வேகமெடுக்க விடாது. வழக்கமாக 150 இருப்பவருக்கு 108 என்பது இறக்கம்தான். 65 தாண்டியவர்களுக்கு 110க்குக் கீழே போனாலே சந்தேகப்பட வேண்டும். தலைக்கும் இடுப்புக்கும் ஸ்கேன் எழுதினேன். மாத்திரைப் பையையும் கையோடு கொண்டுவந்த அந்த மகளை மனதாரப் பாராட்டினேன்.

மார்ச் 12

வண்டிச் சக்கரம் இடுப்பில் ஏறிய ஒருவர். வெளியே ஒரு சொட்டு ரத்தம் கூட இல்லை. எங்கள் கணக்கில் ரத்தம் போகும் இடங்கள் ஐந்து: தரை, மார்பு, வயிறு, இடுப்பு, தொடை. தொடை எலும்பு ஒன்று முறிந்தாலே ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே தேங்கலாம். இடுப்பு இன்னும் மோசம். உடைந்ததா என்று அதை ஆட்டிப் பார்க்கக் கூடாது, உறையும் ரத்தம் கலைந்துவிடும்.

இடுப்புப் பட்டையைக் கட்டினோம். வேட்டி கட்டும் உயரத்தில் அல்ல, அதற்குக் கீழே, தொடை எலும்பு வெளிப்பக்கம் புடைத்திருக்கும் மட்டத்தில். சலைனைக் கொட்டவில்லை, அது ரத்தத்தை நீர்க்கச் செய்து உறைதலைக் கெடுக்கும். ரத்தத்தையே ஏற்றினோம். உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரனெக்ஸாமிக் அமிலம் பத்து நிமிடத்தில் 1 கிராம், அடுத்த 8 மணி நேரத்தில் இன்னொரு கிராம். 40 நாடுகளில் 20,000க்கும் அதிகமானவர்களிடம் நடந்து 2010இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வு, இந்த மலிவான மருந்து உயிர் காக்கிறது என்று காட்டியது. முதல் 3 மணி நேரத்துக்குள் மட்டும். பிறகு கொடுத்தால் கெடுதல்.

ஈரத்துணிகளை வெட்டி எடுத்ததும் கம்பளி போர்த்தினோம். உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. இதை யாராவது நினைவுபடுத்த வேண்டியிருப்பதுதான் எனக்கு வருத்தம்.

மார்ச் 13

இடுப்பு நோயாளிக்கு நினைவு தெளிந்துவிட்டது. தலையிலிருந்து கால்வரை மறுபடி தொட்டுப் பார்த்தேன். உயிருக்குப் போராடும்போது சின்ன முறிவுகள் யாருக்கும் வலிப்பதில்லை, வலித்தாலும் சொல்ல முடிவதில்லை. இடக்கைக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுக் குழியை அழுத்தியதும் கையை உதறினார். எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. அங்கிருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற குட்டி எலும்பின் முறிவு முதல் படத்தில் பல நேரம் பிடிபடாது. மாவுக்கட்டு போட்டு, இரண்டு வாரத்தில் திரும்பப் படம் எடுக்க எழுதிவைத்தேன்.