ஹட்டன் வங்கியும் அம்மாயியின் கைநாட்டும்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில், சம்பள நாள் காலையில் வங்கி வாசலில் தோட்டத்து ஜீப்புகள் வரிசையாக நிற்பதையும், பெரிய கிளாக்கர் காசுப் பெட்டியோடு ஏறிக்கொள்ள, காவற்காரர் பின்னால் அமர்வதையும் பாடசாலைக்கு நடந்த நம்மில் பலர் பார்த்திருப்போம். வங்கி என்றால் தோட்டத்துக்குச் சம்பளம் புறப்படும் இடம் என்பதே அன்று நான் அறிந்திருந்தது.

அந்த வழக்கத்தின் வேர் மிகப் பழையது. இலைநோயால் கோப்பி அழிந்து, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஒரியன்டல் வங்கி 1884 மே மாதத்தில் முறிந்தபோது, அதன் நாணயத்தாள்களுக்கு ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசின் உத்தரவாதத்தை வழங்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில்தான் புகையிரதப் பாதை ஹட்டனை எட்டியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1888இல், கோப்பி இருந்த சரிவுகளில் தேயிலை பரவிக்கொண்டிருந்த காலத்தில், ஆர். டி. பேங்க்ஸ், ஏ. டி. அட்கின் ஆகிய இருவர் ஹட்டன் வங்கியைத் தொடங்கினர். கொழும்பை விட்டு மலையில், தோட்டங்களின் நடுவே ஒரு வங்கி எழுந்ததை நமது ஊரின் பெருமையாகவே கருதுகிறேன். 1948இல் பிரவுண் கம்பனி அதை வாங்கியது. 1970இல் அது ஹட்டன் நஷனல் வங்கியாயிற்று.

ஆனால் அந்த வங்கி துரைமாருக்கானது. நம் முன்னோர்களின் கணக்கு வேறிடத்தில் இருந்தது: தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேற்பார்த்த கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய, துண்டு எனப்பட்ட சீட்டில். அந்தக் கடனைக் கட்டினாலன்றி வேறு தோட்டத்துக்குப் பெயர் மாற்ற இயலாது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அந்தத் துண்டே அவர்களைக் கட்டிவைத்தது. ஊரின் வங்கி வரலாற்றை எழுதுவோர் இதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அம்மாயி வேலையிலிருந்து நின்றபின், சேமலாப நிதிக் காசுக்காகப் புத்தகம் திறக்க நகரத்து வங்கியொன்றுக்கு அவரை அழைத்துச் சென்றேன். முப்பது வருடக் கொழுந்துக் கறையும் வெடிப்பும் ஏறிய பெருவிரலில் ரேகை தேய்ந்திருந்தது. இருமுறை உருட்டியும் தாளில் நீல மைத்திட்டு மட்டுமே விழுந்தது. முந்தானையில் விரலை அழுத்தித் துடைத்து மூன்றாம் முறை வைத்தபோதுதான், ஓரத்தில் நான்கைந்து கோடுகள் தெரிந்தன. "இது போதும், ஆச்சி" என்றார் அலுவலர்.