ராடார் வாங்கினால் மட்டும் விடிஎஸ் ஆகிவிடாது

துறைமுகத்தில் ராடார் இருக்கிறது, கப்பலின் பெயரையும் இருப்பிடத்தையும் தானாகவே தெரிவிக்கும் ஏஐஎஸ் இருக்கிறது, விஎச்எஃப் ரேடியோ இருக்கிறது, அப்புறம் விடிஎஸ், அதாவது கரையிலிருந்து கப்பல் போக்குவரத்தைக் கவனித்து வழிசொல்லும் சேவையை, நடத்த எதற்குத் தனியாக அரசாங்க அங்கீகாரம் என்று கப்பல் துறையில் இருப்பவர்களே கேட்கிறார்கள். எனக்கு உடனே ஷென் நெங் 1 என்ற கப்பல்தான் ஞாபகத்துக்கு வரும்.

2010 ஏப்ரல் 3. ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டோனில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு கிளம்பிய அந்தச் சீனக் கப்பல், அன்று மாலையே கிரேட் பேரியர் ரீஃபில் டக்ளஸ் ஷோல் என்ற ஆழமற்ற திட்டின் மீது தரைதட்டி நின்றது. அப்போது கப்பலைச் செலுத்தும் பொறுப்பில் (வாட்ச்சில்) இருந்த சீஃப் மேட், அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரி, அதற்கு முந்தைய ஒன்றரை நாளில் மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை. பாதையை மாற்றியிருந்தார்கள், ஜிபிஎஸ்ஸில் பழைய பாதையே கிடந்தது. அந்தக் கடலுக்கான விடிஎஸ்ஸான ரீஃப்விடிஎஸ் அப்போதே இயங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அந்த இடம் அதன் எல்லைக்கு வெளியே. 2011இல்தான் எல்லையைத் தெற்கே நீட்டினார்கள்.

அங்கீகாரத்தின் உயிரே அந்த எல்லைக்கோடுதான். இங்கிருந்து இதுவரை போகும் கப்பலுக்கு ஆபத்து தெரிந்தால் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியவர் யார் என்பதை அது முடிவு செய்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ 2021இல் நிறைவேற்றிய ஏ.1158(32) தீர்மானமும் இதையே சொல்கிறது: நாடு ஓர் அதிகார அமைப்பை நியமிக்க வேண்டும், அது எல்லை வகுத்து, நடத்துபவருக்கு அங்கீகாரம் தர வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்த வேலை கடல் பாதுகாப்பு ஆணையமான ஆம்சாவுடையது, மரைன் ஆர்டர் 64 என்ற விதியின்படி.

கருவிகளைவிட ஆட்களைத் தயார்செய்வதுதான் கஷ்டம். விடிஎஸ்ஸுக்கான சர்வதேசத் தரங்களை வகுக்கும் ஐயாலா அமைப்பின் அடிப்படைப் பயிற்சியை முடித்தால் மட்டும் போதாது, உட்காரப்போகும் அதே மையத்தில் அந்தக் கடலை வைத்து மறுபடி பழக வேண்டும். ரேடியோவில் முதலில் 'எச்சரிக்கை' என்று சொல்லிவிட்டு, நீங்கள் ஆழம் குறைந்த பகுதியை நோக்கிப் போகிறீர்கள் என்பதோடு பேச்சை நிறுத்த வேண்டும். சுக்கானை எத்தனை டிகிரி திருப்புவது என்பது கேப்டன் பாடு. கரையில் அறையில் இருப்பவருக்கு அந்தக் கப்பல் எப்படித் திரும்பும் என்பது கேப்டனுக்குத் தெரிவதுபோலத் தெரியாது. எங்கே பேச வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது நடைமுறைக் கையேட்டில் தெளிவாக இருக்க வேண்டும்.

அங்கீகாரத்துக்கு விண்ணப்பம் தயார்செய்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தயவுசெய்து அந்தக் கையேட்டை வேறொரு துறைமுகத்திலிருந்து நகலெடுக்காதீர்கள். இரவு ஷிஃப்ட்டில் உட்காரப்போகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.