மகள் வழியில் வந்த ஓட்டம்

செக்ரட்டேரியட் என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, ஓட்டத்தில் ராஜா, பொலிக்கு விட்டுக் குட்டி எடுத்ததில்தான் சுமார் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

ஓட்டத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. 1973 கென்டக்கி டெர்பி பந்தயத்தில் ஒவ்வொரு கால் மைலையும் முந்தைய கால் மைலைவிட வேகமாகக் கடந்தது. தூரம் கூடக் கூட வேகமும் கூடுகிற பிராணி! ஐந்து வாரம் கழித்து பெல்மான்ட் ஸ்டேக்ஸ் பந்தயம்: ஒன்றரை மைல், 2 நிமிடம் 24 விநாடி. 31 குதிரை நீளம் முன்னால். பெல்மான்ட்டில் அந்த நேரத்தை இன்றுவரை எதுவும் தொடவில்லை. எல்லை நெருங்கும்போது ஜாக்கி ரான் டர்காட் இடப்பக்கம் தலையைத் திருப்புவதைப் படத்தில் பாருங்கள். எட்டும் தூரத்தில் ஒரு குதிரையும் இல்லை. மனிதர் நேரம் காட்டும் பலகையைப் பார்க்கிறார்.

அந்த சீசனுக்கு முன்பே, பின்னால் பொலிக்கு விடுவதற்காகக் குதிரையை 32 பங்காக்கி, பங்கு 1,90,000 டாலருக்கு விற்றாகிவிட்டது. பணம் போட்டவர்கள் இன்னொரு செக்ரட்டேரியட்டுக்குக் காத்திருந்தார்கள். லேடிஸ் சீக்ரெட், ரைசன் ஸ்டார் என்று நல்ல பிள்ளைகள் பிறக்கத்தான் செய்தன. ஆனால் அப்பனைப் போல ஒன்றுகூட இல்லை.

நாங்குநேரிப் பக்கம் எங்கள் மாமா பூஞ்சிட்டு மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு மாடு வைத்திருந்தவர். கன்று பார்க்கப் போன இடத்தில் தரகர் காளையின் பெருமையை அளந்தால் காதிலேயே வாங்கமாட்டார். "தாய் எங்க வே நிக்கி? அதைக் காட்டும்" என்பார். மடியை, குளம்பை, நடையைப் பார்த்த பிறகுதான் விலை பேச்சு.

அந்தக் கண்ணோடு செக்ரட்டேரியட்டின் மகள்களைப் பாருங்கள். டெர்லிங்குவா ஈன்றது ஸ்டார்ம் கேட். சீக்ரெட்டேம் ஈன்றது கான் வெஸ்ட். இரண்டுமே பேர்போன பொலிக்குதிரைகள். வீக்கெண்ட் சர்ப்ரைஸ் ஈன்ற சம்மர் ஸ்குவால் 1990-இல் ப்ரீக்னெஸ் பந்தயத்தை ஜெயித்தது. இன்னொரு மகன் ஏ.பி. இண்டி 1992-இல் பெல்மான்ட்டையே ஜெயித்தது. ஏ.பி. இண்டியின் பேரன் டாபிட்டுக்குப் பிறந்தவற்றில் நான்கு பெல்மான்ட் ஜெயித்திருக்கின்றன. இதைத் தோல்விக் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. ஸ்டார்ம் கேட்டின் பொலிக் கட்டணம் ஒரு காலத்தில் 5 லட்சம் டாலர் என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சினை நிக்கலைன்னா துட்டைத் திருப்பிக் குடுப்பானால?"

குட்டி பிறந்து, எழுந்து நின்று பால் குடித்தால்தான் கட்டணம், அங்கே பெரும்பாலும் அப்படித்தான் ஒப்பந்தம் என்றேன்.

"அப்பம் சரி" என்றார்.